வீட்டில் பேசுகிற மாதிரி

மேலாளர் தன் போனை என் மேசையின் நடுவில் வைத்து, ஒலியை முழுதாகக் கூட்டி, விரலால் ஒரு தட்டு தட்டினார். "இதைத் தைச்சது கையா, காலா?" என்றது ஒரு பெண்குரல். அறையிலிருந்த பதினோரு பேரும் சிரித்தார்கள். வழக்கம்போல நானும் சிரித்தேன். பெண்கள் சட்டைக்குப் பொத்தான் இடப்பக்கம் என்பதற்குப் பதில் வலப்பக்கம் என்று நான்தான் குறிப்பு அனுப்பியிருந்தேன். தையல் பிரிவில் அப்படியே முந்நூறு சட்டை தைத்து முடித்துவிட்டார்கள். தப்பு என்னுடையதுதான். மேலாளர் திட்டியிருந்தால் வாங்கிக்கொண்டிருப்பேன். திட்டியது என் அம்மா.

அது இங்கே யாருக்கும் தெரியாது. போனில் ஒலித்தது ஒரு பழைய படத்தின் வசனம். அந்தப் படம் வந்தபோது நான் எட்டாம் வகுப்பு. ஆடை நிறுவனம் நடத்தும் ஒரு முதலாளியம்மா, அவளிடம் வேலைக்குச் சேர்ந்து படாதபாடு படும் பெண்கள், இதுதான் கதை. முதலாளியம்மாவாக நடித்தவருக்கு நம் மொழி வராது. குரல் கொடுத்தது அம்மா. படம் ஓடிய ஓட்டத்தில், அதில் முதலாளியம்மா போட்டுக்கொண்ட கழுத்துவரை மூடிய சாம்பல் நிறச் சட்டைக்காகப் பெண்கள் கடைகளில் அடித்துக்கொண்டார்கள். சட்டை இரண்டே வருடத்தில் வழக்கொழிந்து போனது. போகாதது வேறொன்று. அதற்குமுன் முதலாளிகள் கத்துவார்கள், கத்தி முடித்ததும் ஆறிவிடுவார்கள். படத்துக்குப் பிறகு எல்லோரும் அவளைப் போல மெதுவாகப் பேசிக் கொல்லக் கற்றுக்கொண்டார்கள். அதற்கும் சோம்பல்பட்டவர்கள் அந்த ஒரு வசனத்தை மட்டும் வெட்டியெடுத்து போனில் வைத்துக்கொண்டார்கள். வருடம் பதினாறு ஆகியும் அது தேயவில்லை.

வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம், "அது எங்கம்மா குரல்" என்று பெருமையடிக்க வாய்வரை வந்தது. அதற்குள் பக்கத்து மேசைக்காரியை அந்தக் குரல் அழவைத்துவிட்டது. வாயை மூடிக்கொண்டேன்.

சில மாதங்களாக, வீட்டில் அம்மா பேசினாலே மேலாளர் போனைத் தட்டியது போலிருந்தது எனக்கு. "சாப்பிட வா" என்றால்கூட, என்ன தப்பு செய்தோம் என்று மனசு தேட ஆரம்பித்துவிடும். போன் செய்யாதே, மெசேஜ் போடு என்று அவளைப் பழக்கினேன். வீட்டுக்குள் நுழையும்போதே காதில் பாட்டை மாட்டிக்கொண்டேன். அப்பா போனபிறகு அவளுக்குப் பேச்சுத்துணை நான் ஒருத்திதான், அதுவும் எனக்குத் தெரியும். பொறுத்துப் பொறுத்துப் பார்த்தவள், பொத்தான் விவகாரம் நடந்த அன்று மாலை என் காதிலிருந்ததைப் பிடுங்கினாள்.

"நான் என்னடி பாவம் செஞ்சேன்? நீ முகம் குடுத்துப் பேசி மூணு மாசமாச்சு."

சொல்லிவிட்டேன். பொத்தான், போன், பதினோரு பேரின் சிரிப்பு, எல்லாம். அவள் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

"என் குரலை வெச்சு உன்னைத் திட்டுறாங்களா?"

"அனேகமா தினமும்."

"நான் வந்து அந்த ஆளை நாலு கேள்வி கேக்கட்டுமா?"

"நீ வந்து பேசுனா கைதட்டுவாங்கம்மா."

அதோடு நிறுத்தியிருக்கலாம். என் நாக்குக்குத்தான் நல்ல நேரம் கெட்ட நேரம் தெரியாதே.

"குழந்தைக்கு, கிழவிக்கு, பேய்க்குக்கூடப் பேசியிருக்கியே. வீட்டுல வேற ஏதாவது குரல்ல பேசேன்."

அவள் என்னைப் பார்க்காமல் சொன்னாள். "அதுக்கெல்லாம் தொண்டையை மாத்திக்கிட்டேன் பாப்பா. இந்த ஒரு படத்துக்குத்தான் டைரக்டர், நடிக்கவே வேணாம், வீட்டுல பேசுற மாதிரி பேசுங்க, அது போதும்னாரு."

மறுநாளிலிருந்து அம்மா பேசவில்லை. கோபமென்றால் காலில் விழுந்தாவது சமாதானப்படுத்தியிருப்பேன். கோபமில்லை. மேசையில் இரண்டு தட்டு தட்டினால் சாப்பாடு, கதவில் ஒரு தட்டு என்றால் குளிக்க வெந்நீர். எதிர்வீட்டுக்காரர் என்னவென்று கேட்டதற்குத் தொண்டையைத் தொட்டுக் காட்டிச் சிரித்தாள். முதல் நாள் எனக்கு, வெட்கக்கேடு, நிம்மதியாகத்தான் இருந்தது. நான்காம் நாள் வீடு இழவு வீடு மாதிரி ஆகிவிட்டது. "பேசும்மா" என்று சொல்ல எத்தனையோ தடவை வாயெடுத்தேன். பேசினால் மறுபடியும் மனசு தப்பைத் தேட ஆரம்பித்துவிடுமோ என்ற பயத்தில் விழுங்கிக்கொண்டேன்.

ஐந்தாம் நாள் காலை, தெருமுனைப் பேருந்து நிறுத்தத்துக்கு வந்தபிறகுதான் போனை வீட்டிலேயே விட்டுவிட்டது உறைத்தது. அதே நேரம் பின்னால் சத்தம் கேட்டது. எங்கள் மூன்றாம் மாடி பால்கனியின் இரும்புக் கம்பியில் சாவியால் தட்டுகிற சத்தம். கடை திறந்துகொண்டிருந்தவர் நிமிர்ந்து பார்த்தார். பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகள் அண்ணாந்து பார்த்தார்கள்.

"உங்களைத்தான் கூப்பிடுறாங்க போல," என்றார் பக்கத்தில் நின்றவர்.

தெரியும். தெரிந்தும் நான் திரும்பவில்லை. ஒரே ஒரு தடவை "பாப்பா" என்று அவள் வாயால் கூப்பிடட்டும், ஓடிவிடுகிறேன் என்று சாலையைப் பார்த்தபடி நின்றேன். என் பேருந்து வந்தது, நின்றது, போனது. மேலே சாவி கம்பியில் தட்டிக்கொண்டே இருந்தது, முன்பைவிட மெதுவாக.