மயில்வாகனா டாக்கீஸில் இடைவேளை

மயில்வாகனா டாக்கீஸைப் புதுப்பிக்கும் வேலை நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. மூன்றாவது வரிசையில் ஒரு நாற்காலியின் மேல் துண்டு கிடந்தது. அதனால் வேலை நின்றுபோயிற்று.

பச்சைக் கரை போட்ட வெள்ளைத் துண்டு. அதைப் போட்டவர் இடைவேளைக்கு எழுந்து போயிருந்தார். போய் ஐம்பது வருஷம் இருக்கும்.

"எடுத்துப் போட்டுட்டு வேலையைப் பாருங்கண்ணா," என்றேன் தச்சர் மாதேஸ்வரனிடம்.

அவர் உளியைக் கீழே வைத்துவிட்டார். "துண்டு போட்டிருக்குதுங்க அம்மிணி. எப்படிங்க எடுக்கறது? ஆளு வந்து கேட்டா நானில்ல பதில் சொல்லோணும்?"

"ஆள் வரமாட்டாருங்க."

"வராதவரு எதுக்குங்க துண்டு போடறாரு?"

அந்த வரிசை முழுவதும் ஒரே இரும்புச் சட்டத்தில் பிணைத்தது. துண்டை எடுக்காமல் நாற்காலியை எடுக்க முடியாது. நாற்காலியை எடுக்காமல் சட்டத்தை எடுக்க முடியாது. சட்டத்தை எடுக்காமல் தரையைப் பெயர்க்க முடியாது. ஒரு துண்டுக்காக மொத்தக் கட்டடமும் கையைக் கட்டிக்கொண்டு நின்றது.

எங்கள் டாக்கீஸ் எப்போதுமே இப்படித்தான். தாத்தா காலத்தில் அது டூரிங் கொட்டகை. கீற்றைப் பிரித்துத் தகரம் போட்டபோதும் படம் ஓடிக்கொண்டிருந்தது. ஜனங்கள் எழுந்திருக்க மறுத்ததால் அவர்களைச் சுற்றியே சுவர் எழுப்பினார்கள். கொத்தனார் சண்டைக் காட்சியைப் பார்த்துக்கொண்டே செங்கல் வைத்ததில் கிழக்குச் சுவர் கோணலாகிவிட்டது. அந்தக் கோணலைப் பார்க்க வந்தவர்களுக்கும் அப்பா டிக்கெட் கிழித்தார்.

வரும் வெள்ளிக்கிழமை இங்கே படம் ஓட வேண்டும். ஓடாவிட்டால் டாக்கீஸ் கல்யாண மண்டபம் ஆகிவிடும். ஊரில் அப்படி முடிவாகிவிட்டது. யாரும் மாற்ற வேண்டியதில்லை, அதுவே மாறிக்கொள்ளும். திங்கட்கிழமை காலை வாசலில் இரண்டு வாழைமரங்கள் குலையோடு முளைத்திருந்தன. வெட்டினேன். மறுநாள் மறுபடி நின்றன. திரையில் சாம்பார் வாசனை வர ஆரம்பித்தது. புரொஜெக்டர் அறையில் தாம்பூலப் பைகள் குட்டி போட்டிருந்தன. நான் நடை பழகிய இடம் அது.

துண்டை எடுக்க அனுமதி கேட்டு மரபுக் கட்டட அலுவலகத்துக்குப் போனேன். தாழ்வாரம் நடக்க நடக்க நீண்டது. பாதி வழியில் ஒருவர் முறுக்குத் தட்டோடு நின்றிருந்தார்.

"இங்கயே வாங்கிக்கோங்க. இதுக்கு மேல கெடைக்காது," என்றார்.

வாங்கிக்கொண்டேன். அவர் சொன்னது சரிதான்.

அலுவலர் பெயர் செங்கமலம். அவருடைய மேசை அவருக்குப் பின்னால் இருந்தது.

"ஒரு துண்டை எடுக்கோணும்ங்க மேடம்."

"யார் துண்டு?"

"தெரியலைங்க. இடைவேளைக்குப் போனவரு போட்டது."

"அப்ப இடைவேளை நடக்குது."

"அதெல்லாம் முடிஞ்சு ரொம்ப வருஷமாச்சுங்க."

"மணி அடிச்சாங்களா?"

முறுக்கை மென்று விழுங்கினேன்.

"மணி அடிக்காம இடைவேளை எப்படி முடியும்? படிச்சவங்கதானே நீங்க?" என்றார் செங்கமலம். "போய் மணியை அடிக்கச் சொல்லுங்க."

மணி அடிக்க வேண்டியவர் ஆபரேட்டர் ராக்கியண்ணன். ஓய்வு பெற்றதும் அவரே மணியாகிவிட்டார். டாக்கீஸுக்குப் பின்தெருவில், அவர் வீட்டு முன்னறையில், காலண்டருக்குப் பக்கத்தில் மாட்டியிருக்கிறார்கள். உருண்டையான கரண்ட் மணி. அவர் மனைவி பாவாத்தாள் தினமும் துடைத்து விபூதி பூசுகிறார்.

"அண்ணா, அன்னைக்கு ஏன் மணி அடிக்கலை?" என்றேன்.

"ரீல் வரலைங்க அம்மிணி," என்றார் ராக்கியண்ணன் சுவரிலிருந்து.

அப்போதுதான் எனக்கு விஷயம் விளங்கியது. அந்தக் காலத்தில் ஒரே படப்பெட்டியை இரண்டு ஊர் டாக்கீஸ்களில் ஓட்டுவார்கள். பக்கத்து ஊரில் முதல் பாதி முடிந்ததும் அதைச் சைக்கிளில் கட்டி இங்கே அனுப்புவார்கள். அதை நாங்கள் ஓட்டி முடிப்பதற்குள் இரண்டாம் பாதி வந்துவிட வேண்டும். அன்றைக்கு வரவில்லை. வந்த பிறகு மணி அடிக்கலாம் என்று இருந்தவர் அப்படியே இருந்துவிட்டார்.

"சரி, இப்ப அடிங்க."

"ரீல் இல்லாம அடிச்சா சனம் நாற்காலிய ஒடைச்சுப்போடும்ங்க."

"உடைக்கட்டும்! எப்படியும் புதுசுதானே போடப் போறேன்!"

"கோவிச்சுக்காதீங்க. ரீல் கெளம்பிருச்சுன்னு ஒரு வார்த்தை சொல்லிப்போடுங்க. அடிச்சுடறேன்."

"கிளம்பிருச்சு," என்றேன் பல்லைக் கடித்துக்கொண்டு.

பாவாத்தாள் அக்கா சுவிட்சைப் போட்டார். ராக்கியண்ணன் அடித்தார். தெருவில் ஓட்டுக்கூரைகள் அதிர்ந்தன.

ஜனங்கள் திரும்பி வந்தார்கள். வயலிலிருந்து வந்தார்கள், ஆஸ்பத்திரியிலிருந்து வந்தார்கள், மாலை போட்ட போட்டோக்களிலிருந்து இறங்கி வந்தார்கள். பீடியை அணைத்துவிட்டு, வாயைத் துடைத்துக்கொண்டு, அவரவர் இடத்தில் உட்கார்ந்தார்கள். முன்வரிசையில் யாரோ ஒரு பெண் வீட்டார் பட்டுப்புடவையோடு பந்திக்குக் காத்திருந்தார்கள். வந்தவர்கள் அவர்களைத் தள்ளி உட்காரச் சொன்னார்கள். மூன்றாவது வரிசைக்காரரும் வந்தார். துண்டை எடுத்து உதறித் தோளில் போட்டுக்கொண்டு அமர்ந்தார்.

"துண்டு போயிருச்சுங்க அம்மிணி," என்றார் மாதேஸ்வரன். "இப்ப ஆளு இருக்கறாருங்க."

நான் அவரை விட்டுவிட்டு வாசலுக்குப் போனேன்.

செங்கமலம் தன்னுடைய தாழ்வாரத்தோடு வந்து வாசலில் நின்றார். உள்ளே எட்டிப் பார்த்தார். "காட்சி நடக்குது. மண்டபம் இல்லை," என்றார். வாழைமரங்கள் இரண்டும் மண்ணுக்குள் இறங்கிக்கொண்டன.

"அப்ப டாக்கீஸ் தப்பிச்சுதுங்களா?"

"படம் முடியற வரைக்கும்."

"முடிஞ்சா?"

"வணக்கம்னு போட்டதும் எல்லாரும் எந்திரிப்பாங்க. எந்திரிச்சா மண்டபம்."

"இதை முன்னாடியே சொல்லியிருக்கலாமேங்க!"

"முன்னாடி நீங்க துண்டைப் பத்தித்தானே கேட்டீங்க."

"நான் அடுத்த படம் போடுவேன். புது நாற்காலி, புதுத் திரை, ஏசி எல்லாம் வருது."

"எந்திரிச்சுப் போன சனம் மறுபடியும் வருமா?" என்றார் செங்கமலம். அதைக் கேட்டபோது மட்டும் அவர் குரலில் கொஞ்சம் இரக்கம் இருந்தது. எனக்குப் பதில் தெரியும்.

அப்போது ஒரு சைக்கிள் வந்து நின்றது. வேர்த்து விறுவிறுத்த பெரியவர். பின்கேரியரில் தகரப்பெட்டி.

"ரெண்டாம் பாதிங்க அம்மிணி. வழியில கொஞ்சம் தாமசமாயிப்போச்சுங்க."

உள்ளே விசில் பறந்தது. யாரோ சோடா பாட்டிலை உருட்டிவிட்டார்கள். ஒரு கைக்குழந்தை அழுதது. பத்துப் பேர் அதன் அம்மாவை அதட்டினார்கள். இந்தச் சத்தத்துக்காகத்தான் நான் இத்தனை நாளாகக் கண்டவர்களோடெல்லாம் மல்லுக்கட்டினேன்.

நான் சைக்கிளுக்குப் பின்னால் போய்க் குனிந்தேன். பின்சக்கரத்து வால்வைத் திருகிப் பிடுங்கினேன். காற்று உஸ்ஸென்று போனது.

"ஐயா, சக்கரம் இறங்கிருச்சுங்க," என்றேன்.

பெரியவர் டயரை அமுக்கிப் பார்த்தார். பிறகு என் கையிலிருந்த வால்வைப் பார்த்தார்.

"ஆமாங்க. பஞ்சருங்க," என்றார். "பஞ்சர் கடை பக்கத்து ஊர்லதானுங்க இருக்குது."

"ஒண்ணும் அவசரமில்லீங்க. நிதானமாப் போயிட்டு வாங்க."

அவர் பெட்டியோடு சைக்கிளைத் திருப்பித் தள்ளிக்கொண்டு போனார்.

நான் உள்ளே போனேன். இடம் எதுவும் காலி இல்லை. மூன்றாவது வரிசைக்காரர் என் பக்கம் திரும்பினார்.

"ஏனுங்க அம்மிணி, ரீல் வந்துருச்சுங்களா?"

"வந்துட்டே இருக்குதுங்க."

"யாரது நிக்கறது?" பின்னாலிருந்து யாரோ கத்தினார்கள். "மறைக்குது! உக்காருங்க!"

திரையில் ஒன்றும் இல்லை. நான் தரையில் உட்கார்ந்துகொண்டேன்.