தீப்பிடிக்காத திரவம்

சரத்குமார் தன் கவனக்குறைவால்தான் செத்தான் என்று ஒரு தாளில் நான் கையெழுத்துப் போட வேண்டியிருந்தது. விசாரணைக் குழுத் தலைவர் பீமராவ் அதை என் மேசையில் வைத்துவிட்டுப் போய் ஒரு வாரம் ஆகியிருந்தது. போட்டால் என் வேலை, என் ஆராய்ச்சி, என் பேர் எல்லாம் பிழைக்கும். போடாவிட்டால் நான் யோசிக்காமல் சொன்ன ஒரு வார்த்தையை ஊர் முன்னால் ஒப்புக்கொள்ள வேண்டும்.

என் பேர் இருதயமேரி. திருச்சியில் ஒரு கல்லூரியின் வேதியியல் ஆய்வகத்தை நடத்துகிறேன். லித்தியம் பேட்டரிக்குள் இருக்கும் திரவம் பெட்ரோல் மாதிரி எரியும். மின் ஸ்கூட்டர்கள் பற்றி எரிவதற்கு அதுவும் ஒரு காரணம். எரியாத திரவம் ஒன்றைச் செய்ய ஆறு வருஷம் மல்லுக்கட்டினேன். கூடவே மல்லுக்கட்டியவன் சரத், ஆய்வக உதவியாளன், இரண்டு பிள்ளைகளுக்கு அப்பன். நான் கத்தினால் சிரிப்பான். "மேடத்துக்கு பிரஷர் ஏறிடுச்சு, ஒரு டீ சொல்லுங்கப்பா" என்பான்.

போன மாசம் எங்கள் திரவத்தைக் கரண்டியில் ஊற்றித் தீக்குச்சியைக் காட்டினோம். குச்சிதான் அணைந்தது. அந்தத் திரவம் போட்ட பேட்டரி ஒன்றை சரத்தே தன் ஸ்கூட்டரில் மாட்டிக்கொண்டு ஸ்ரீரங்கத்துக்கும் கல்லூரிக்குமாக ஓட்டிப் பார்த்தான். திறந்த வெளியில் வைத்துத்தான் சார்ஜ் போட வேண்டும் என்பது விதி. எழுதியவள் நான். படித்துக் கையெழுத்துப் போட்டவன் அவன்.

ஒரு வெள்ளிக்கிழமை மழை பிடித்துக்கொண்டது. கிளம்பும்போது கதவருகே நின்று கேட்டான். "மேடம், வாசல்ல தண்ணி நிக்குது. வீட்டுக்குள்ள வெச்சு சார்ஜ் போட்டுக்கவா?"

நான் கம்ப்யூட்டரிலிருந்து தலையைத் தூக்கவில்லை. "போடுப்பா, ஒண்ணும் ஆகாது" என்றேன்.

பாவி, தசமப் புள்ளிக்கு அப்புறம் ஒரு எண் விட்டுப்போனால் மாணவர்களைக் கிழித்துத் தொங்கவிடுகிறவள் நான். தீப்பிடிக்காது என்பது எனக்குத் தெரியும். ஒண்ணும் ஆகாது என்பது எனக்கு எப்படித் தெரியும்? காய்ச்சல்காரனுக்கும் பரீட்சைக்குப் போகிற பிள்ளைக்கும் சொல்கிற அதே வாய்ப்பழக்கத்தில் சொல்லித் தொலைத்தேன். அந்தத் திரவத்தில் கரைந்திருக்கும் உப்பு சூடேறினால் நுரையீரலை அரிக்கும் வாயுவைக் கக்கும் என்று வகுப்பில் பாடம் எடுக்கிறவளும் நான்தான்.

சனிக்கிழமை மத்தியானம் அவனிடமிருந்து ஒரு வீடியோ வந்தது. கட்டிலுக்குப் பக்கத்தில் பேட்டரி உப்பிக் கிடந்து, இட்லிச் சட்டியைத் திறந்த மாதிரி வெள்ளையாய் ஆவி விட்டது. "பாருங்க மேடம்! உள்ள ஷார்ட் ஆகியிருக்கு, ஆனா பத்தவே இல்ல! ஜெயிச்சிட்டோம் மேடம்!" முதலில் நான் சந்தோஷப்பட்டேன். அதை மறைத்து என்ன ஆகப்போகிறது? அப்புறம்தான் நடுவே அவன் இருமுவது காதில் விழுந்தது. அந்த வீடியோ நாலு நிமிஷம். தீ எழுந்திருந்தால் முதல் நொடியே ஓடியிருப்பான். போன் போட்டு "வெளிய ஓடுடா" என்று கத்தினேன். அதற்குள் அந்த வாயு அவன் நெஞ்சுக்குள் போயிருந்தது.

தில்லை நகர் ஆஸ்பத்திரியில் முதல் நாள் வெறும் இருமல். மறுநாள் நுரையீரலில் நீர் கோத்துக்கொண்டது. மூன்றாம் நாள் போய்விட்டான்.

ஆஸ்பத்திரி வராந்தாவில் அவன் மனைவி வேணி யாரையும் திட்டவில்லை. "சாரல் அடிக்குதுன்னு ஜன்னலைச் சாத்திட்டு ரேஷன் கடைக்குப் போனேன் மேடம். என்னாலதான், என்னாலதான்" என்று தலையில் அடித்துக்கொண்டாள். நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். வாயை மட்டும் திறக்கவில்லை.

இன்று காலை பீமராவ் மறுபடி வந்தார். "என்னம்மா, இன்னும் போடலையா? செத்தவருக்கு இனிமே இதனால என்ன நஷ்டம்?" என்றார். எனக்கு அப்படியே பற்றிக்கொண்டு வந்தது. தாளைக் கிழித்து அவர் முன்னால் போட்டேன். "உள்ள வெக்கச் சொன்னது நான் சார். அதை எழுதிக்குங்க."

அங்கிருந்து நேராக ஸ்ரீரங்கம் பஸ் ஏறினேன். காவிரிப் பாலம் தாண்டும்வரை என் மேல் எனக்கே கொஞ்சம் மரியாதை இருந்தது.

வேணி துணி மடித்துக்கொண்டிருந்தாள். அவன் கேட்டதையும் நான் சொன்னதையும் நின்றபடியே சொல்லி முடித்தேன். "உன் மேல தப்பில்ல வேணி. நான் சரின்னு சொல்லலைன்னா அது இந்த வீட்டுக்குள்ளயே வந்திருக்காது."

அழுவாள், இல்லாவிட்டால் அடிப்பாள் என்று நினைத்தேன். அவள் மடித்த துணியைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டாள்.

"ஆஸ்பத்திரியில என் கையைப் பிடிச்சிட்டு உக்காந்திருந்தீங்களே. அப்பவே இது உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"பதினோரு நாளு மேடம். உங்கப்பனை நான்தான் கொன்னுட்டேன்னு என் வாயாலயே புள்ளைங்ககிட்ட சொல்லிட்டேன். பெரியவ அன்னியிலேருந்து எங்கிட்ட பேசறதில்ல. நான் போட்டா சாப்பிடறதும் இல்ல." உள்ளறையைக் கை காட்டினாள். "போங்க. நீங்களே சொல்லுங்க."

கதவைத் தட்டினேன்.

"போம்மா, எம் பக்கத்துலயே வராத" என்றது உள்ளேயிருந்து ஒரு சின்னக் குரல்.

"அம்மா இல்ல கண்ணு" என்றேன்.