பதினெட்டாவது புஷ்

நபீலா தேக்கரண்டியால் வாப்பாவின் வாயில் தண்ணீர் விட்டாள். பாதி உள்ளே போனது, பாதி தாடி வழியே தலையணையில் இறங்கியது. வார்ப்பு வேலைக்காரரான ஷரிபுதீன் பாஸ் சிரமப்பட்டு விழுங்கிவிட்டு, இரண்டு நாளாகக் கேட்டுக்கொண்டிருந்த கேள்வியையே மறுபடி கேட்டார்.

“பதினெட்டுக்கு வெள்ளீயம் எவ்வளவு போட்டாய் புள்ள?”

“நானூறு கிராம் வாப்பா. கணக்குக் கொப்பியில இரிக்கி.”

“கொப்பியில இரிக்கிறது எனக்கும் தெரியும்.”

பக்கத்தில் யாசீன் ஓதிக்கொண்டிருந்த தம்பி றம்ஸீன் தலை நிமிர்ந்தான். “வாப்பா, கலிமாவச் சொல்லுங்க. புஷ்ஷ மறுகா பாப்பம்.”

வாய்ப் பழக்கத்தில் சொன்னான். மறுகா என்று ஒன்று இனி இல்லை என்பது வீட்டில் எல்லோருக்கும் தெரிந்திருந்தது. வாப்பாவின் நெஞ்சுக்குள் துருத்தி ஊதுவது போல ஒரு சத்தம். உலைப் புகை தின்ற நெஞ்சு என்று டாக்டர் போன மாதமே சொல்லிவிட்டார்.

கல்முனையைச் சுற்றியுள்ள அரிசி மில்களில் சுழலும் இரும்புத் தண்டுகளைத் தாங்குவது புஷ் என்கிற செம்புக் கலவை வளையம். உமித்தூசி புகுந்தால் அது ஒரு போகத்துக்குள் தேய்ந்து போகும். சண்டைக் காலத்தில் கொழும்புச் சாமானை நம்பி மில் ஓட்ட முடியாது. தேயாத புஷ் ஒன்றைத் தானே வார்த்துக் காட்டுகிறேன் என்று பாஸ் கிளம்பினார். பதினேழு வார்ப்பு வீணாய்ப் போனது. பதினெட்டாவது, சவளக்கடை வேலப்போடியின் மில்லில் நாலு வருடமாக ஓடிக்கொண்டிருந்தது. அதே நிறைக் கணக்கில் அதற்குப் பிறகு இருபத்து மூன்று வார்த்தார். ஒன்றாவது இரண்டு போகம் தாங்கவில்லை.

ஏன் தாங்கவில்லை என்று நபீலாவுக்குத் தெரியும்.

சுனாமியில் கடல் ஊருக்குள் வந்த அன்று உம்மா பாத்தும்மா போனாள். அடக்க மையித்துக்கூடக் கிடைக்கவில்லை. வாப்பா இரண்டு மாதம் சுவரைப் பார்த்துப் படுத்துக் கிடந்தார். ஒருநாள் காலை எழுந்து வந்து, “உலைய மூட்டு புள்ள, வெள்ளீயம் நானூறு நிறு” என்றார். பட்டறையில் வெள்ளீயம் ஏது? அதையும் கடல்தான் கொண்டுபோயிருந்தது. இல்லை என்று சொன்னால் மனுசன் திரும்பப் போய்ப் படுத்துவிடுவார், இனி எழும்பமாட்டார் என்று அவள் பயந்தாள். வேலியில் சிக்கிக் கிடந்த அறுந்த வலையிலிருந்து ஈயக்குண்டுகளைக் கழற்றி, நானூறு கிராம் நிறுத்து, அவர் துருத்தியோடு மல்லுக்கட்டும் நேரம் பார்த்து செம்பு உருகும் மூசைக்குள் போட்டாள். கொப்பியில் வெள்ளீயம் என்று எழுதினாள். அந்த வார்ப்புதான் பதினெட்டு.

வெண்கலத்தில் ஈயம் கலக்கிறவன் பாலில் தண்ணீர் கலக்கிறவன் என்பார் வாப்பா. அப்படிப்பட்டவரிடம் எப்படிச் சொல்வது? அந்தப் புஷ் தேயவில்லை என்று தெரிந்தபோது அவர் ஊரெல்லாம் சொன்னார்: “என்ட மகள் நிறுத்தா தங்கக்கடைத் தராசும் தோத்துப்போகும்.” அதற்குப் பிறகு அவளுக்கு உண்மையைச் சொல்ல வாய் வரவே இல்லை. ஒரு பொய் அவரைப் படுக்கையிலிருந்து எழுப்பியது. அதே பொய்தான் இருபத்து மூன்று தடவை அவரைப் புகைக்குள் தள்ளியது.

இப்போது குனிந்து, “வாப்பா” என்றாள். அவர் கண்ணைத் திறந்து காத்திருந்தார். அந்த நேரம் பார்த்துத் தெருவில் பட்டாசு வெடிக்கத் தொடங்கியது. சண்டை முடிந்துவிட்டதாம், அடுத்த வீட்டு றேடியோ கத்தியது. றம்ஸீன் ஓடிப்போய் ஜன்னலைச் சாத்திவிட்டு வந்து கலிமாவை உரக்கச் சொன்னான். வாப்பாவின் உதடு இரண்டு தரம் அசைந்தது. அவ்வளவுதான்.

பின்னேர அஸர் தொழுகைக்கு முதல் அடக்குவதென்று முடிவானது. ஆண்கள் குளிப்பாட்டி வெள்ளைக் கபன் துணி சுற்றினார்கள். மதிய லுஹர் தொழுகை முடிந்த கையோடு வேலப்போடி மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கினார். பட்டாசுத் தாள் சிதறிக் கிடந்த தெருவால் தலையைக் குனிந்துகொண்டு வந்தார். அவருடைய மருமகன் ஒருவன் சண்டை நடந்த வன்னியில் இருந்தான், மூன்று மாதமாகச் செய்தி இல்லை. அவனைப் பற்றி யாரும் கேட்கவில்லை.

குசினிப் பக்கம் வந்து, சாக்குத் துண்டில் சுற்றிய ஒன்றை நபீலாவிடம் நீட்டினார்.

“போன கிழமை பாஸ் ஆளனுப்பினவர். அந்தப் பதினெட்டாவது புஷ்ஷக் கழட்டிக் கொண்டு வரச் சொல்லி. மில்ல நிப்பாட்ட ஏலாமப் போச்சு புள்ள, சுணங்கிட்டன்.”

“அறுத்துப் பாக்கவா கேட்டவர், போடியார்?”

“அவருக்கென்னத்துக்கு? அவர்தான் ரெண்டு வருசத்துக்கு முந்தியே வந்து சுரண்டிப் பாத்தவரே. கையில தேச்சுப் பாத்தாரு. மறுகா, அப்படியே பூட்டுங்க போடியார், மகளுக்கிட்ட சொல்ல வேணாம் எண்டுட்டுப் போயிட்டாரு.”

“இப்ப?”

“இப்ப மகள்ட கையில குடுக்கச் சொன்னவர்.”

நபீலா சாக்கைப் பிரித்தாள். உட்புறம் கண்ணாடியாய் மினுங்கியது, ஒரு கீறல் இல்லை. பெருவிரலால் அழுத்தித் தடவினாள். விரல் நரைத்த சாம்பல் நிறமானது. ஈயம் எங்கிருந்தாலும் காட்டிக்கொடுக்கும், வாப்பாவே சொல்லித் தந்ததுதான். இரண்டு வருடமாகத் தெரிந்துகொண்டே வார்த்திருக்கிறார், அவளே சொல்லட்டும் என்றுதான் வெள்ளீயம் எவ்வளவு என்று கேட்டிருக்கிறார். அவர் கேட்டது நிறையை அல்ல. புஷ்ஷைத் திரும்பச் சாக்கில் சுற்றினாள்.

“ராத்தா, முகம் பாக்கிறண்டா வாங்க. மூடப் போறம்” என்று றம்ஸீன் கூப்பிட்டான்.

வாப்பாவின் முகத்தில் கற்பூரமும் அத்தரும் மணந்தன. முப்பது வருடத்து உலைக்கரியைக் கழுவியிருந்தார்கள், நகக்கண்ணில் மட்டும் மிச்சம் இருக்கும் என்று அவள் நினைத்தாள், அதுவும் இப்போது துணிக்குள். காதருகே குனிந்தாள். சொல்ல வேண்டியது மூன்றே சொல்.

“வலையில கிடந்த ஈயம் வாப்பா…”

நிமிரும்போது பிடிப்புக்காகக் கபனில் கை ஊன்றியிருந்தாள். வெள்ளைத் துணியில், கன்னத்துக்குக் கீழே, பெருவிரல் அளவுக்கு ஒரு சாம்பல் கறை.

பக்கத்தில் நின்ற மாமி பதறினாள். “யா அல்லாஹ், துணி ஊத்தையாகிட்டே. மாத்துங்க, வேற இரிக்கி.”

றம்ஸீன் கறையைப் பார்த்தான். பிறகு ராத்தாவின் விரலைப் பார்த்தான். சட்டைப் பையிலிருந்து லேஞ்சியை எடுத்தவன், துடைக்காமல் திரும்ப வைத்துக்கொண்டான். துணியின் ஓரத்தை இழுத்து அந்த இடத்தை மூடி, தலைமாட்டில் முடிச்சுப் போட்டான்.

வாப்பாவைச் சுமந்த சந்தூக்கு வாசலைத் தாண்டியது.