செய்த தேதி

பெட்டியின் அடியில் ஒட்டிக்கிடந்த பழைய காகித உறையைத் தையல்நாயகி நகத்தால் பெயர்த்தெடுத்தாள். ரஷ்ய எழுத்து அவளுக்குத் தெரியாது. எண் தெரியும். 84.

ஜன்னலருகே கொண்டுபோய்ப் பார்த்தாள். 84தான்.

கடற்படை விமானங்களுக்கு உதிரிபாகம் வைத்திருந்த அந்தக் கிடங்கு தாம்பரத்துக்கு மேற்கே, முடிச்சூர் போகும் வழியில் இருந்தது. போன ஐப்பசி மழையில் கூரை ஒழுகி, எண்ணெய் கசியாமல் அடைக்கும் ரப்பர் சீல்கள் இருந்த பெட்டி ஊறிவிட்டது. கைக்குக் கிடைத்த உறைகளிலெல்லாம் மை கரைந்துபோயிருந்தது. புது உறைகளில் மாற்றியவள் அவள்தான். பதிவேட்டில் 88 என்றிருந்தது. அதையே எழுதினாள். அது சரக்கு வந்து சேர்ந்த வருடம். ரப்பருக்கு வயது, செய்த நாளிலிருந்து; உறையில் இருந்த 84 அதுதான். எட்டு வருடம் முடிந்தால் சிவப்புச் சீட்டுக் கட்டி ஒதுக்கிவிட வேண்டும். இது 93.

சோவியத் நாடு உடைந்த பிறகு புதுச் சரக்கு வரவில்லை. இந்த ஒரு பெட்டிதான் மிச்சம். நேற்றுக் காலை அதிலிருந்து மூன்று சீல்கள் அரக்கோணம் கடற்படை விமானத் தளத்துக்குப் போயிருந்தன, பயன்படுத்தலாம் என்று அவள் கையெழுத்திட்ட பச்சைச் சீட்டோடு. சக்கரத்தை இறக்கும் எண்ணெய்க் குழாயில் வைப்பவை. நாளைக்கு மூணு மணிக்கு விமானம் பறந்தாகணும் என்று வேன் டிரைவர் அவசரப்படுத்தி வாங்கிப்போனார்.

இப்போது இரண்டு இருபது.

“இன்னா, பேயடிச்ச மாரி நிக்கறே?” பக்கத்து வரிசையிலிருந்து ஞானையா வந்தார். அவரும் ஸ்டோர்கீப்பர்தான், பத்து வருடம் மூத்தவர். உறையைக் காட்டினாள். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிப் பார்த்தார்.

“ரப்பர் இன்னா பாலாம்மா, திரிஞ்சு பூடறதுக்கு? என் செருப்புக்கு வயசு பன்னெண்டு. வாரு கூட அறுந்துக்கல.”

“உங்க செருப்பு பறக்கலையே, அண்ணா.”

அவர் சிரிக்கவில்லை. “திங்கக்கெழம ஒன்னை நிரந்தரம் பண்ற ஆர்டர் வருது. ஆறு வருசமா அதுக்குத்தானே கெஞ்சிகினு கெடந்தே? இத்த நீயும் நானும்தான் பாத்துகீறோம். குடு.”

கை நீட்டினார். நீட்டியது நீட்டியபடியே இருந்தது. குரோம்பேட்டையில் அவள் கணவன் வேலை செய்த கம்பெனி மூடி ஒரு வருடமாகிறது. அது அவருக்குத் தெரியும். அவளுக்காகத்தான் கேட்டார். அதுதான் கஷ்டமாக இருந்தது.

உறையை மடித்துக்கொண்டு அதிகாரியின் அறைக்கு நடந்தாள். பாதியில் ஓடினாள்.

அதிகாரி பத்ரிநாராயணன் அவள் சொன்னதைக் கேட்டு முடிக்கும்வரை பேனாவை மூடித் திறந்துகொண்டிருந்தார்.

“எழுதிக் குடுங்க.”

“போன் பண்ணிடுங்க சார். அப்புறம் எழுதறேன். டைம் இல்ல.”

“எழுத்துல இல்லாம நான் எதைச் சொல்லி நிறுத்தறது? கிடங்குல யாரோ சொன்னாங்கன்னா?” ஒரு தாளை அவள் பக்கம் தள்ளினார். “யாரோட தப்புன்னும் எழுதுங்க.”

சுவர்க்கடிகாரத்தில் இரண்டு முப்பத்தைந்து. நின்றபடியே எழுதினாள். தேதியைத் தவறாக எழுதியது நான். பெயர். கையெழுத்து.

அவர் படித்தார். இன்னொரு முறை படித்தார். சட்டைப்பையிலிருந்து சாவியெடுத்து டெலிபோன் பூட்டைத் திறந்து சுழற்றினார். கிடைக்கவில்லை. மறுபடி. எக்சேஞ்சைக் கூப்பிட்டார். மூன்று ஐந்துக்கு அரக்கோணத்தில் மணி அடித்தது. யாரென்று சொல்லிவிட்டு ரிசீவரை அவளிடம் நீட்டினார்.

“சீட்டு நம்பர் உங்களுக்குத்தான் தெரியும்.”

சொன்னாள். பழைய ரப்பர், விமானத்தை நிறுத்துங்கள் என்று இரண்டு தடவை சொன்னாள்.

“வெயிட் பண்ணுங்க மேடம்.” எதிர்முனையில் ரிசீவரை மேஜைமேல் வைத்த சத்தம். நாற்காலி சரிந்தது. பூட்ஸ்கள் ஓடின. திறந்த கதவு வழியாக இன்ஜின் சத்தம் வந்தது. தரையிலா, மேலேயா, தெரியவில்லை.

பத்ரிநாராயணன் எழுந்து மின்விசிறியை நிறுத்தினார். அவள் இன்னொரு காதைப் பொத்திக்கொண்டாள்.