ஒரு டேங்க் தூரம்

மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் வெட்டிப் பொருத்துகிற வேலை அவளுக்கு. நாற்பத்தைந்து வயது. அரை மில்லிமீட்டர் பிசகினால்கூடப் போட்டுக்கொள்கிறவருக்குத் தலைவலி வந்துவிடும் என்பதால், எதையும் அளக்காமல் நம்புகிற பழக்கம் அவளிடம் இல்லை.

கணவருக்கு மலைமேல் அணைக்கட்டில் உத்தியோகம். நீரேற்று நிலையத்தில் பம்ப் ஆபரேட்டர். மாதத்தில் நான்கு நாள் வீட்டுக்கு வருவார். மற்ற நாட்களில் ஃபோனில்தான் குடித்தனம். அதுவும் சாயங்காலம் ஆறரைக்கு அவர் அணைச்சுவரின் கடைசி வரை நடந்துபோய் நின்றால்தான் சிக்னல் கிடைக்கும். பாதிப் பேச்சைக் காற்று கொண்டுபோய்விடும். எந்தச் சத்தம் காற்று, எது அவர் பெருமூச்சு என்று பிரித்தறிய அவள் காது பழகியிருந்தது.

கல்யாணமாகி இருபது வருஷத்தில் அவள் அங்கே போனது ஒரே ஒரு முறை. பஸ் அடிவாரத்தோடு நின்றுவிடும். அதற்குமேல் வேலையாட்களுக்கு மாதம் ஒரு ஜீப்; குடும்பத்தாருக்கு, புதன்கிழமை ஏறி, அடுத்த புதன்கிழமை இறங்குகிற டிபார்ட்மென்ட் லாரி மட்டும்தான். கைக்குழந்தையோடு ஒரு வாரம் இருந்துவிட்டு வந்தாள். அப்புறம் மகளுக்குப் பள்ளிக்கூடம், அவளுக்குக் கடை, நினைத்தபோது கிளம்ப முடியாத வாழ்க்கை. போன வருஷம் மகள் படிக்க ஹாஸ்டலுக்குப் போனாள். வீட்டில் ஃபிரிட்ஜ் ஓடுகிற சத்தம் முதல்முறையாகக் கேட்டது. அந்த வாரமே மோட்டார் பைக் வாங்குவது என்று முடிவு செய்துவிட்டாள்.

வண்டி ஓட்டுவது அவளுக்குப் புதிதில்லை. அண்ணன் பைக் மெக்கானிக். பதினேழு வயதிலேயே அவர் சரிசெய்த வண்டிகளை ஒரு சுற்று ஓட்டிப் பார்த்து, "இன்னும் இழுக்குதுண்ணா" என்று குறை சொல்கிறவள். சிக்கல் பெட்ரோலில்தான் இருந்தது. ஊரிலிருந்து முப்பதாவது கிலோமீட்டரில் அடிவாரம். கடைசி பெட்ரோல் பங்க் அங்கேதான். அதற்கு மேல் இருநூற்றுப் பத்து கிலோமீட்டருக்குக் காடும் பாறையும். போய்விட்டு அதே பங்க்குக்குத் திரும்ப நானூற்று இருபது. கேனில் கட்டிக்கொண்டு போகலாமே என்று அண்ணனிடம் கேட்டாள். வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்டு மலையேறப் போகிறாயா என்றார் அவர். அதுவுமில்லாமல், அணைக்குச் சற்று முன்னால் இருக்கும் செக்போஸ்டில் கேனை அனுமதிப்பதில்லை.

ஷோரூமில் விற்பனைப் பையன் அவளை நேராக ஸ்கூட்டர் வரிசைக்கு அழைத்துப் போனான். கியர் வண்டி வேண்டும் என்றாள்.

"சார் வரலையா மேடம்?"

"சார் இருக்கிற இடத்துக்குப் போகத்தான் வண்டியே."

அவன் அசடு வழிந்தான். அதற்குப் பிறகு ஒழுங்காகக் காட்டினான். கடைசியில் மூன்று வண்டிகள் தேறின. முதலாவது ஒல்லி வண்டி, ஒன்பது லிட்டர் டேங்க், லிட்டருக்கு அறுபத்தைந்து கொடுக்கும் என்று நோட்டீஸில் கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. இரண்டாவது தாழ்வான சீட், சாய்ந்து உட்காரலாம், டேங்க் பத்து லிட்டர். மூன்றாவது நூற்றைம்பது சிசி, பதின்மூன்று லிட்டர் பிடிக்கும், ஆனால் குதிரை மாதிரி உயரம். அதில் ஏறி உட்கார்ந்தால் அவளுடைய பெருவிரல்கள் மட்டும் தரையைத் தொட்டன.

"உங்களுக்கு ரெண்டாவதுதான் மேடம் பொருந்தும்" என்றான் பையன். உட்கார்ந்து பார்த்தபோது அவளுக்கும் அதை விட மனசில்லைதான். ஆனால் நோட்டீஸை நம்பி நடுக்காட்டில் நிற்க அவள் தயாராக இல்லை.

மூன்று வாரம் விசாரித்தாள். மின்சார மீட்டர் படிக்க வருகிறவர் ஒல்லி வண்டி வைத்திருந்தார். நிஜத்தில் எவ்வளவு கிடைக்கிறது என்று கேட்டாள். ஐம்பத்திரண்டு, அதுவும் சமதரையில் என்றார். தாழ்வான வண்டி கூரியர்காரரிடம் இருந்தது. அவர் நாற்பது என்று சொல்லும்போதே முகம் சுருங்கியது. உயரமான வண்டியில் பால் கொண்டுவருகிறவர் நாற்பத்தாறு என்றார். அவள் அதையும் நம்பாமல், அவரிடம் ஒரு ஞாயிற்றுக்கிழமை வண்டியை இரவல் வாங்கி, டேங்க்கை விளிம்புவரை நிரப்பி, நூறு கிலோமீட்டர் ஓட்டிவிட்டு மறுபடி நிரப்பிப் பார்த்தாள். நாற்பத்தாறேதான். மலையேற்றத்துக்குக் கொஞ்சம் கழித்தாலும் ஒரு டேங்க்குக்கு ஐந்நூறு கிலோமீட்டருக்குக் குறையாது. மற்ற இரண்டும் திரும்பும் வழியில் எங்காவது காலை வாரிவிடும்.

"உயரத்துக்கு என்னண்ணா பண்றது?"

"உன்னை வளர்க்க முடியாது பாப்பா. சீட்டை வேணா குறைக்கலாம்" என்றார் அண்ணன்.

வண்டி வந்த அன்றே சீட் உறையைக் கழற்றினார். நுரையில் எவ்வளவு செதுக்குவது என்று கோடு போட்டுக் கொடுத்தவள் அவள்தான். பின்பக்க ஷாக் அப்சார்பரையும் ஒரு படி தளர்த்தினார். இப்போது பாதத்தில் பாதி தரையில் ஊன்றியது. அது போதும் என்றாள்.

வண்டி வாங்கியதை ஃபோனில் கணவரிடம் சொன்னாள். அவர், "எதுக்கு அவ்ளோ தூரம் கஷ்டப்படுற? நான்தான் வர்றேன்ல" என்றார். தன்மேல் உள்ள அக்கறை என்று எடுத்துக்கொண்டாள்.

முதலாளியிடம் பேசி, ஒன்றுவிட்ட சனிக்கிழமை விடுப்புக்கு ஒத்துக்கொள்ள வைத்தாள். முதல் சனிக்கிழமை விடியற்காலையில் கிளம்பினாள். வருவதாக அவருக்குச் சொல்லவில்லை. அடிவாரத்தில் டேங்க்கை நிரப்பினாள். அதற்குப் பிறகு கொண்டை ஊசி வளைவுகள், ஈரப் பாறைகள், எதிரே ஒரு வண்டிகூட இல்லாத ரோடு. ஒவ்வொரு திருப்பத்திலும் அவர் முகம் எப்படி மாறும் என்று நினைத்துப் பார்த்தாள். ஹெல்மெட்டுக்குள் தானாகச் சிரித்துக்கொண்டு போனாள். இருபது வருஷம் அவள் அந்த மனுஷனுக்காகக் காத்திருந்திருக்கிறாள். தானே அவரைத் தேடிப் போவதில் இவ்வளவு சுகம் இருக்கும் என்று அவளுக்குத் தெரியாது.

அணைக்கட்டு கேட்டில் இருந்தவர் ஹெல்மெட்டைப் பார்த்து, இன்ஸ்பெக்ஷனுக்கு வந்த அதிகாரி என்று நினைத்துச் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டு எழுந்து நின்றார். கணவரோடு மாற்று ஷிஃப்ட் பார்க்கிறவர். கணவர் வீட்டில் இவரைக் குறட்டைக்காரர் என்றுதான் சொல்வார். யார் என்று தெரிந்ததும் மனிதர் உருகிவிட்டார். பம்ப் மாற்றுகிற நேரம், அவர் வர இன்னும் அரைமணி ஆகும் என்று உட்காரவைத்து டீ போட்டுக் கொடுத்தார்.

"அவர் டவுன் போஸ்டிங்கை வேணாம்னு எழுதிக் குடுத்தப்பவே நினைச்சேன்மா. நீங்கதான் இங்க வரப்போறீங்க போலன்னு."

"எந்தப் போஸ்டிங்?"

அவருக்கு அப்போதுதான் உறைத்தது. ஆனால் ஆரம்பித்ததை விழுங்கத் தெரியாதவர். ஆறு வருஷத்துக்கு முன்னால் ஒரு தடவை, போன வருஷம் ஒரு தடவை, ஊரிலிருக்கும் நிலையத்துக்கே மாற்றல் வந்ததையும், இரண்டையும் அவர் வேண்டாம் என்றதையும் தரையைப் பார்த்துக்கொண்டே சொல்லி முடித்தார். டீ ஆறிப்போனது.

கணவர் கையைத் துணியில் துடைத்தபடி வந்தார். அவளைப் பார்த்ததும் நின்றுவிட்டார். வழி நெடுக அவள் நினைத்துப் பார்த்த முகங்களில் எதுவும் அது இல்லை. சந்தோஷம் இருந்தது. கூடவே, தன் அறை கலைந்து கிடக்கிறதே என்று தவிக்கிறவரின் பதற்றமும் இருந்தது. அறை கலைந்திருக்கவில்லை. ஒரு கட்டில், ஒரு தட்டு, ஒரு நாற்காலி, எல்லாம் அதனதன் இடத்தில். வேறு யாருக்கும் அங்கே வேலையில்லை என்பது போல இருந்தது.

அவள் உடனே கேட்கவில்லை. சாப்பிட்டார்கள். மகளைப் பற்றிப் பேசினார்கள். வண்டியைச் சுற்றிச் சுற்றி வந்து பார்த்துவிட்டு, சீட்டைக் குறைத்தது நல்லது என்றார். சாயங்காலம் அணைச்சுவர்மேல் நடந்தபோது, வழக்கமாக அவர் நின்று பேசுகிற இடம் வந்ததும் கேட்டாள்.

"ரெண்டு தடவை வேணாம்னு எழுதிக் குடுத்தீங்களாமே?"

அவர் மறுக்கவில்லை. கைப்பிடிச் சுவரில் கையை வைத்துக்கொண்டு தண்ணீரைப் பார்த்தார்.

"வீட்டுக்கு வந்தா முதல் ரெண்டு நாள் எல்லாம் நல்லாத்தான் இருக்கும். மூணாம் நாள்லேர்ந்து நான் எங்க உக்காந்தாலும் உங்க ரெண்டு பேருக்கும் இடைஞ்சலா இருக்கிற மாதிரி தோணும். நீ ஒண்ணும் சொன்னதில்ல. எனக்கே தோணும். மாசம் பூரா அப்படி இருந்தா என்னாகும்னு பயந்துட்டேன்."

அவளால் அப்படியெல்லாம் இல்லை என்று சொல்ல முடியவில்லை. நான்காம் நாள் அவர் பை கட்டும்போது, அழுகை வரும்போதே, நாளைக்கு வீடு பழையபடி ஓடும் என்று ஒரு மூலையில் நிம்மதியும் எட்டிப்பார்த்தது உண்டு. அதை அவர் கண்டுபிடித்திருக்கிறார்.

"அது முதல் தடவை. போன வருஷம்?"

"போன வருஷம் பழகிப்போச்சு."

"எனக்குப் பழகலைங்க" என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை அவர்தான் கேட்டைத் திறந்துவிட்டார். வண்டியின் பக்கக் கண்ணாடியில் பார்த்தபோது திறந்த கேட்டைப் பிடித்துக்கொண்டே நின்றார். முதல் வளைவு தாண்டியதும் வண்டியை ஓரங்கட்டி, ஹெல்மெட்டைக் கழற்றிவிட்டு, ஆள் அரவமில்லாத அந்த ரோட்டில் தீர அழுதாள். அழுது முடித்து முகத்தைத் துடைத்தாள். இனி வருவதில்லை என்று நினைத்தாள்.

அடுத்த இரண்டு வாரமும் ஆறரை ஃபோனில் பாத்திரம், பஸ், வெயில் என்று மேலோடு பேசினார்கள். அவர் வரச்சொல்லவும் இல்லை, வேண்டாம் என்று சொல்லவும் இல்லை. வெள்ளிக்கிழமை வந்ததும் அவள் கால் தானாகச் செயினுக்கு எண்ணெய் போட அண்ணன் கடைக்குப் போனது. ரோஷம் ஒரு பக்கம் இழுத்தது. ஆசை அதைவிட அதிகமாக இழுத்தது. சனிக்கிழமை மறுபடி மலையேறினாள்.

அந்த முறை அறையில் இரண்டு நாற்காலி இருந்தது. குறட்டைக்காரரிடம் கேட்டு வாங்கியதாம். மூன்றாவது முறை போனபோது அவர் செக்போஸ்ட் வரை நடந்துவந்து நின்றிருந்தார். ஆறு கிலோமீட்டர். எத்தனை மணிக்கு வருவாள் என்று தெரியாமல் காலையிலிருந்தே நிற்கிறார் என்று காவலாளி சொன்னான். பின்சீட்டில் உட்கார்ந்ததும் கையை எங்கே வைப்பது என்று அவருக்குத் தெரியவில்லை. ஒரு பள்ளத்தில் வண்டி குதித்தது. அவள் தோளைப் பிடித்தவர் பிறகு எடுக்கவில்லை. இரண்டு பேரும் ஒன்றாக ஒரு வண்டியில் போவது அதுதான் முதல் தடவை என்பது கேட் வந்த பிறகுதான் அவளுக்கு ஞாபகம் வந்தது.

அவர் வீட்டுக்கு வருகிற நான்கு நாட்களும் மாறின. எங்கே உட்காருவது என்று இப்போது அவளிடமே கேட்டார். சமையல்கட்டில் உட்காருங்கள் என்றாள். உட்கார்ந்து வெங்காயம் உரித்தார், கோணல்மாணலாக. அவள் திருத்தவில்லை. கை பரபரத்தது, அடக்கிக்கொண்டாள்.

மழைக்காலத்தில் இரண்டு மாதம் ரோடு அடைபட்டது. திறந்ததும் போனாள். ஞாயிறு காலை கிளம்பும்போது ஒரு கவரை அவள் கையில் கொடுத்தார். லாரியில் அனுப்பினால் பத்து நாளாகும், ஊரில் ஆபீஸில் நேரில் கொடுத்துவிடு என்றார். ஒட்டாத கவர். தானே கேட்டு எழுதிய மாற்றல் மனு. அவள் அதைப் பிளாஸ்டிக் உறையில் சுற்றி, சட்டைக்கும் கோட்டுக்கும் நடுவில் வைத்துக்கொண்டு இருநூற்று நாற்பது கிலோமீட்டரும் இறங்கினாள். வளைவுகளில் அது நெஞ்சில் உறுத்தியது.

திங்கட்கிழமை ஆபீஸில் கொடுத்தாள். கிளார்க் புரட்டிப் பார்த்துவிட்டு, இரண்டு தடவை கூப்பிட்டும் வராதவர்தானே என்றார். அந்த இடத்தில் இப்போது வேறு ஆள் இருக்கிறார், அவர் ஓய்வு பெறப் பதினான்கு மாதம் ஆகும், அதுவரை பட்டியலில் வைக்கலாம் என்றார். வைத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டு, முத்திரை குத்திய நகலை வாங்கிக்கொண்டு கடைக்குப் போனாள்.

அன்று ஆறரைக்கு விஷயத்தைச் சொன்னாள். காற்று அதிகமாக இருந்தது. பதினான்கு மாதம் என்பதை இரண்டு தடவை சொல்ல வேண்டியிருந்தது.

"இந்தச் சனிக்கிழமை உன்னோட முறை இல்லல்ல?"

"இல்லைங்க. அடுத்த சனிக்கிழமைதான்."

"இன்னும் பன்னெண்டு நாள்" என்றார் அவர்.

இருபது வருஷத்தில் அவர் நாள் எண்ணி அவள் கேட்டதில்லை. ஃபோனைக் காதோடு அழுத்திப் பிடித்துக்கொண்டு, ஆமாம், பன்னிரண்டு நாள்தான் என்றாள்.