நாவலில் பூட்டிய கதவு

டென்மார்க்கின் ரண்டர்ஸ் நகர நூலக வாசலில் வெள்ளைக்காரப் பெண்மணி ஒருவர் யசிந்தாவை மறித்து, அவளுடைய குளிர்கோட்டில் சின்னப் பித்தளைச் சாவி ஒன்றைக் குத்திவிட்டார். அவளுக்கு டெனிஷ் அவ்வளவாக வராது என்று நினைத்தாரோ என்னவோ, ஒவ்வொரு சொல்லாக நிறுத்திச் சொன்னார். ஒரு தமிழ்ப் பெண்ணை ஒரு வீட்டுக்குள் அடைத்து வைத்து வேலை வாங்கினார்களாம். அது நாவலாக வந்திருக்கிறதாம். கடைசியில் அந்தப் பெண் செத்துப்போகும் இடத்தை வாசித்துத் தான் அழுத அழுகையில் கணவரே பயந்துபோனாராம். அவளைப் போன்றவர்களுக்காகத்தான் இந்தச் சாவி. சொல்லும்போதே பெண்மணியின் கண்கள் கலங்கின.

யசிந்தா நன்றி சொல்லிவிட்டுப் பஸ்ஸுக்கு நடந்தாள். அந்த நாவலில் வருகிற பெண் அவள்தான். சாகவில்லை என்பது தவிர இன்னொரு வித்தியாசமும் இருந்தது. அதைப் பற்றி வருகிற கிழமை நீதிமன்றத்தில் கட்டாயம் கேட்பார்கள் என்று அவளுடைய சட்டத்தரணி எமிலியா சொல்லியிருந்தாள்.

பிராண்டே என்ற ஊருக்கு வெளியே, வயல்களுக்கு நடுவில் இருந்த கஜதீபனின் வீட்டில் யசிந்தா மூன்று வருடத்துக்கு மேல் இருந்தாள். கஜதீபனின் மனைவிக்கு அவள் தூரத்துச் சொந்தம். பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள என்றுதான் கூப்பிட்டார்கள். வந்து இறங்கிய அன்றே கடவுச்சீட்டைப் "பத்திரமா வைக்கிறன்" என்று கஜதீபன் வாங்கிக்கொண்டான். பிறகு பிள்ளைகளோடு சமையலும் சேர்ந்தது. கலியாணம், சாமத்தியவீடு, பிறந்தநாள் என்று ஜட்லண்ட் பகுதி முழுக்க அவன் சாப்பாட்டு ஓடர் எடுத்துச் செய்து கொடுத்தான். ரோல்ஸ் சுற்றியதும் பிரியாணிக்கு வெங்காயம் வெட்டியதும் அண்டா கழுவியதும் யசிந்தாதான். சம்பளம் என்ற சொல்லை அந்த வீட்டில் யாரும் உச்சரித்ததில்லை. விசா முடிந்த பிறகு, "வெளியில போனியெண்டா பொலிஸ் பிடிச்சு உள்ளை போட்டிடும்" என்றான். யாழ்ப்பாணத்தில் இருந்த அவளுடைய தம்பி றொஜிதனையும் கூப்பிடுவதாக அவன் சொல்லியிருந்தான். தம்பி ஒவ்வொரு முறையும் போனில் கேட்பது ஒன்றுதான்: "அக்கா, அண்ணை என்ன சொல்லுறார்?"

அவளை அங்கிருந்து வெளியே கொண்டுவந்தது சாரங்கி. ஒரு கலியாண மண்டபத்தின் சமையலறைக்குத் தண்ணீர் கேட்டு வந்த சாரங்கியிடம், என்ன துணிவில் என்று இன்றுவரை தெரியாது, யசிந்தா கேட்டாள்: "தங்கச்சி, இஞ்சை விசா இல்லாமல் பிடிபட்டா எத்தினை வருஷம் உள்ளை வைப்பினம்?" டென்மார்க்கிலேயே பிறந்து வளர்ந்த சாரங்கி அந்தக் கேள்வியைத் திரும்பவும் சொல்லச் சொன்னாள். பிறகு பட்டுச்சேலையோடு காரை எடுத்துப் பின்வாசலில் கொண்டுவந்து நிறுத்தினாள்.

பொலிஸ் வாக்குமூலம் எடுத்தது. அதோடு எல்லாம் படுத்துவிட்டது. போதிய சான்று இல்லை என்று வழக்கை மூடினார்கள். அப்போதுதான் சாரங்கி டெனிஷில் நாவலை எழுதினாள். எழுதி முடித்ததும் ஒவ்வொரு அத்தியாயமாகத் தமிழில் சொல்லிக் காட்டினாள். கதவை வெளியிலிருந்து பூட்டிவிட்டுப் போகும் இடம் வந்தபோது யசிந்தா மறித்தாள்.

"அது பூட்டுறேல்லையே."

"தெரியும் அக்கா. ஆனா பூட்டாட்டி இஞ்சத்தைச் சனத்துக்கு விளங்காது."

சாரங்கி பல்கலைக்கழகத்தில் படித்தது அதைப் பற்றித்தான். கரிபியன் தீவுகளில் டென்மார்க்குக்குக் கரும்புத் தோட்டங்கள் இருந்த காலத்தில், அடிமைகளைப் பற்றி ஐரோப்பாவில் எழுதப்பட்ட கதைகள். "அந்தக் கதையளில வாற அடிமை எப்பவும் நல்ல ஆள் அக்கா. பொறுமையா இருக்கும். கோபப்படாது. ஆண்டவனைக் கும்பிடும். கடைசியில செத்துப் போகும். ஏனெண்டா வாசிக்கிற சீமாட்டி அழவேணும். அவ அழுது, புருஷனைக் கேட்டு, புருஷன் பாராளுமன்றத்தில கேட்டு... அப்பிடித்தான் சனத்தின்ர மனம் மாறினது. உண்மையில அந்தத் தீவில அடிமையள் எழும்பி நிண்டுதான் விடுதலை வாங்கினவை. அதைக் கதையில எழுதியிருந்தா ஒருத்தரும் வாசிச்சிருக்க மாட்டினம்."

யசிந்தாவுக்கு அது நியாயமாகப் பட்டது. பூட்டட்டும் என்று விட்டுவிட்டாள்.

நாவல் சாரங்கி நினைத்ததற்கும் மேலே போனது. வாசிப்பு வட்டங்கள், தொலைக்காட்சி, பாராளுமன்றத்தில் கேள்வி. யாரோ ஒரு பள்ளிக்கூட ஆசிரியை பித்தளைச் சாவி குத்தத் தொடங்க, அது ஊர் ஊராகப் பரவியது. அந்தச் சத்தத்தில்தான் மூடிய வழக்கைத் திரும்பத் திறந்தார்கள். நாவல் இல்லாவிட்டால் வழக்கே இல்லை. யசிந்தாவை விடாமல் அரித்தது இதுதான். பொய்க் கதவு ஒன்று அவளுக்கு நீதிமன்றத்தின் கதவைத் திறந்துவிட்டிருந்தது. உள்ளே போய் அவள் என்ன சொல்வது?

விசாரணைக்கு முதல் நாள் மத்தியானம் சாரங்கி வந்தாள். தேத்தண்ணியைக் கையில் வைத்துக்கொண்டு குடிக்காமல் இருந்தாள்.

"அக்கா, அவன்ர சட்டத்தரணி நாவலை மேசையில வைப்பார். கதவு பூட்டியிருந்ததோ எண்டு கேட்பார்."

"ஓம். எமிலியா சொன்னவ."

"ஞாபகம் இல்லையெண்டு சொல்லலாம். அது பொய் இல்லைத்தானே. எல்லா நாளும் ஞாபகம் இருக்கோணும் எண்டில்லை."

யசிந்தா அவளைப் பார்த்தாள். சாரங்கியின் கண்களுக்குக் கீழே கறுத்திருந்தது.

"எனக்கு ஞாபகம் இருக்கே தங்கச்சி."

"உங்களுக்கு இவையைத் தெரியாது அக்கா. கதவு திறந்திருந்தது எண்டு ஒரு சொல் வந்தாக் காணும். பிறகு எல்லாம் பொய் எண்டுவினம். உங்களை மட்டுமில்லை, இனி வாற எல்லாரையும்." சாரங்கி கோப்பையைக் கீழே வைத்தாள். "நான்தான் பூட்டினன். எனக்குத் தெரியும். ஆனா இப்ப திறக்கிறதுக்கு நேரமில்லை."

அவள் போன பிறகு யசிந்தா சோறு போட்டாள், சாப்பிட முடியவில்லை. அந்த நேரம் பார்த்துத் தம்பியும் போன் எடுத்தான். ஊரில் கஜதீபனின் ஆட்கள் வீட்டுக்கு வந்து அம்மாவோடு கதைத்தார்களாம். "சோறு போட்ட வீட்டைக் கோட்டுக்கு இழுக்கிறியாம் எண்டு சனம் கதைக்குது அக்கா." அவள் போனை வைத்துவிட்டாள். சாரங்கி ஒரு பக்கம், தம்பி ஒரு பக்கம். இரண்டு பேருக்குமே அவள் வாய் திறப்பது பயமாக இருந்தது.

நீதிமன்ற அறை சின்னது. வெளிச்சம் கூடின, வெள்ளைச் சுவர் அறை. பின் வரிசைகள் நிரம்பியிருந்தன. ஏறக்குறைய எல்லார் மார்பிலும் சாவி. கஜதீபன் நீலக் கோட்டுப் போட்டு, தலை வாரி, பிள்ளைகளின் பள்ளிக்கூடத்துக்கு வந்தவன் போல உட்கார்ந்திருந்தான். மொழிபெயர்ப்புக்கு அனுபமா என்ற தமிழ்நாட்டுப் பெண் வந்திருந்தாள். "பயப்படாதீங்க, மெதுவா சொல்லுங்க, நான் அப்படியே சொல்லிடறேன்" என்று காதோடு சொன்னாள். பரிவாகத்தான் சொன்னாள். ஆனாலும் தன் வாய்ச்சொல் இன்னொருத்தியின் வாயால் போகப்போகிறது என்ற நினைப்பில் யசிந்தா ஒவ்வொரு வசனத்தையும் மனதுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டாள்.

காலை முழுவதும் அரச தரப்பு கேட்டது. எந்நேரம் எழும்பினாள், எங்கே படுத்தாள், கடவுச்சீட்டு எங்கே இருந்தது. மத்தியானத்துக்குப் பிறகு கஜதீபனின் சட்டத்தரணி எழும்பினார். முதலில் ஒரு படத்தைக் காட்டினார். ஏதோ ஒரு கலியாணத்தில் மாம்பழ நிறப் பட்டுச்சேலையோடு யசிந்தா சிரித்துக்கொண்டு நின்றாள்.

"இது நீங்கதானான்னு கேக்கறாங்க," என்றாள் அனுபமா.

"ஓம்."

"சிரிக்கறீங்கன்னு சொல்றாங்க."

"படம் எடுக்கேக்கை சிரிக்கச் சொன்னவை. சீலை வீட்டுக்கார அக்காவின்ரை. வீட்டை வந்தவுடனை கழட்டி மடிச்சுக் குடுத்திட்டன்."

பின்னுக்கு இருந்தவர்கள் மெல்ல முணுமுணுத்தார்கள். சட்டத்தரணி நாவலைக் கையில் எடுத்தார். அடையாளம் வைத்த பக்கத்தை விரித்து ஒரு பந்தியை வாசித்தார். வாசித்து முடிய நாவலை மூடி, அவளை நேராகப் பார்த்துக் கேட்டார்.

"வீட்டுக் கதவு வெளியில பூட்டியிருந்துச்சான்னு கேக்கறாங்க," என்றாள் அனுபமா.

சாரங்கி எங்கே இருக்கிறாள் என்று யசிந்தாவுக்குத் தெரியும். அந்தப் பக்கம் பார்க்கவில்லை.

"இல்லை," என்றாள். "பூட்டியிருக்கேல்லை. ஒரு நாளும் பூட்டுறேல்லை."

அனுபமா அதை டெனிஷில் சொன்னாள். பின்வரிசையில் ஒரு கதிரை கிரீச்சிட்டது. சட்டத்தரணி தலையை ஆட்டி, போதும் என்பதுபோல உட்காரப் போனார். நடுவில் இருந்த நீதிபதி கையை உயர்த்தினார். வயதான பெண். அவரே கேட்டார்: அப்படியானால் நீங்கள் ஏன் போகவில்லை?

"போனனான்," என்றாள் யசிந்தா.

கஜதீபன் நிமிர்ந்து பார்த்தான்.

"ஒருக்கா போனனான். பனி கொட்டியிருந்தது. அவை எல்லாரும் வெளிக்கிட்டாப் பிறகு கதவைத் திறந்துகொண்டு றோட்டுக்கு நடந்தன். ரண்டு பக்கமும் வயல். ஒரு வீடு வாசல் இல்லை. பெயர்ப்பலகை இருந்தது, எனக்கு வாசிக்கத் தெரியேல்லை. ஒரு கார் வந்து பக்கத்தில நிண்டது. அந்த மனுசன் கண்ணாடியை இறக்கி என்னவோ கேட்டார். இப்ப நினைச்சா, ஏத்திக்கொண்டு போய் விடட்டோ எண்டுதான் கேட்டிருப்பார் போல. எனக்குப் பொலிஸ் எண்டு பயம் வந்திட்டுது. திரும்பி ஓடினன். வீட்டை போய் அடுப்பில சோறு வைச்சன். பிள்ளையள் பசியோடை வருங்கள் எண்டு."

அனுபமா சொல்லி முடிக்கும் வரை காத்திருந்தாள்.

"அண்டைக்கு அவர் வந்து என்ரை சப்பாத்தைப் பார்த்தார். ஈரம். வாசலில கால் தடமும் இருந்தது. ஏசேல்லை. கை நீட்டேல்லை. சாப்பிட்டுக்கொண்டிருக்கேக்கை சொன்னார், 'றொஜிதன்ரை அலுவல் நல்லாப் போகுது, நீ ஒண்டையும் குழப்பிப் போடாதை' எண்டு. அவ்வளவுதான். அதுக்குப் பிறகு நான் கதவுப் பக்கம் போகேல்லை." அவள் நீதிபதியின் பக்கம் திரும்பினாள். "என்னை ஒருத்தரும் இழுத்துக்கொண்டு போகேல்லை அம்மா. நானாத்தான் திரும்பிப் போனன். அதை நினைச்சாத்தான் எனக்கு இப்பவும் பயமா இருக்கு."

கடைசி வசனத்தை அனுபமா மெதுவாக, ஒவ்வொரு சொல்லாக டெனிஷில் சொன்னாள். கஜதீபன் மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

அடுத்த நாள் பத்திரிகையில் பெரிய எழுத்தில் வந்தது, கதவு திறந்தே இருந்தது என்று. சாரங்கி பயந்தபடியேதான் நடந்தது. ஏமாற்றிவிட்டார்கள் என்று சிலர் எழுதினார்கள். நாவலைத் திருப்பிக் கொடுக்க வந்தவர்களும் இருந்தார்களாம். இரண்டாம் நாள் விசாரணைக்குப் பின்வரிசையில் பாதிக் கதிரைகள் வெறுமையாகக் கிடந்தன. சாரங்கி மட்டும் அதே இடத்தில் இருந்தாள். இடைவேளையில் நீதிமன்றத் தாழ்வாரத்தில் இருவரும் எதிர்ப்பட்டார்கள். சாரங்கிதான் முதலில் கேட்டாள்: "அந்தப் பனி நாள்... எனக்கு ஒரு நாளும் சொல்லேல்லையே."

"நீ கேட்கேல்லை. நானும் வெக்கத்தில சொல்லேல்லை."

தீர்ப்பு வரும்வரை யசிந்தா சரியாக நித்திரை கொள்ளவில்லை. அவள் தங்கியிருந்த அகதி முகாமின் சலவைக் கூடத்தில் வேலை செய்யும்போது, எண்ணிக்கொண்டிருந்த துவாய்களை விட்டுவிட்டு நின்றாள். அங்கே பார்க்க வந்த எமிலியாவின் முகத்தைப் பார்த்து ஏதும் கண்டுபிடிக்கப் பார்த்தாள். எமிலியாவும் கலங்கித்தான் இருந்தாள்.

கடைசியில், அவளைச் சிறைப்படுத்தினான் என்ற குற்றச்சாட்டிலிருந்து கஜதீபனை விடுவித்தார்கள். மனிதரைச் சுரண்டிய குற்றத்தில் தண்டித்தார்கள். ஒருவரைப் பிடித்து வைக்கப் பூட்டு அவசியமில்லை என்று நீதிபதி வாசித்தார். தண்டனை, சாவி குத்தியவர்கள் கேட்டதை விடக் குறைவு. அவன் மேல்முறையீடு செய்யப் போவதாகவும் சொன்னார்கள். யசிந்தாவின் விசா இன்னும் முடிவாகவில்லை. றொஜிதன் போன் எடுப்பதை நிறுத்திவிட்டான். வென்றோமா தோற்றோமா என்று அவளுக்குப் பிடிபடவில்லை. வாசலில் எமிலியா கட்டிப்பிடித்தபோது அவள் மரம்போல நின்றாள்.

அதற்குப் பிறகு வந்த ஒரு முற்பகலில் எமிலியா அவசரமாகத் தன் அலுவலகத்துக்கு வரச் சொன்னாள். யாரோ ஒரு பெண் போன் எடுக்கிறாளாம், தமிழ் போல இருக்கிறதாம், அழுகிறாளாம், ஒன்றும் விளங்கவில்லையாம். ஏற்கெனவே இரண்டு முறை எடுத்து வைத்துவிட்டாளாம். யசிந்தா போய்ச் சேர்ந்து கோட்டைக் கழற்ற முன்னமே போன் மறுபடியும் அடித்தது.

"வணக்கம்," என்றாள் யசிந்தா. "நான் யசிந்தா கதைக்கிறன். சொல்லுங்கோ."

"பேப்பரில வந்த யசிந்தா அக்காவோ?" மிக மெல்லிய குரல். பின்னால் தண்ணீர்க் குழாய் திறந்திருந்தது. வேண்டுமென்றே திறந்து வைத்திருக்கிறாள் என்று யசிந்தாவுக்கு விளங்கியது.

"ஓம்."

"அந்த நாவலைப் பற்றி இஞ்சத்தை அம்மா கதைக்கிறவ. பாவம் அந்தப் பிள்ளை எண்டு அழுதவ. நானும் நினைச்சன், அது வேற மாதிரி ஆக்கள் எண்டு. என்னை ஒருத்தரும் அடைச்சு வைக்கேல்லை அக்கா. கடைக்கும் போறனான். அதால நான் உங்களோடை கதைக்கலாமோ எண்டு..." குரல் நின்றுவிட்டது.

"கதைக்கலாம்," என்றாள் யசிந்தா. "உங்கட பாஸ்போட் ஆரிட்டை இருக்கு?"

தண்ணீர் ஓடும் சத்தம்.

"சரி, அது இருக்கட்டும். இப்ப வீட்டில ஆர் நிக்கினம்?"

"ஒருத்தரும் இல்லை. ஹ்விடோவ்ரேயில இருக்கிறம். பின்னேரம் வந்திடுவினம்."

யசிந்தா ஊர்ப் பெயரைத் திருப்பிச் சொல்ல, எமிலியா காரின் சாவியைத் தேடிக் கைப்பையைக் கிளறத் தொடங்கினாள். தூரம் அதிகம், போய்ச் சேர நேரமெடுக்கும். அதற்குள் அந்தப் பெண் மனம் மாறிவிடலாம். போனை வைத்துவிட்டு, அடுப்பில் சோறு வைக்கப் போய்விடலாம். அதை யசிந்தாவை விட நன்றாக அறிந்தவர் அந்த அறையில் யாரும் இல்லை.

"வைக்காதீங்கோ," என்றாள். "நாங்கள் வெளிக்கிடுறம். உங்கட நம்பரைத் தாங்கோ, என்ரை கைப்போனிலை இருந்து உடனை எடுக்கிறன், வந்து சேருமட்டும் கதைச்சுக்கொண்டு வாறன். உங்கட பெயர் என்ன அம்மா?"

பெயரைச் சொல்ல அந்தப் பெண்ணுக்குக் கொஞ்ச நேரம் எடுத்தது. யசிந்தா அவசரப்படுத்தவில்லை.