இருபத்திரண்டு நிமிடத்தில் நிரம்பும் தொட்டி

பகவதிப்பெருமாள் சார் ப்ராஜெக்ட் ரிப்போர்ட்டைப் படிப்பவர் அல்ல. அளப்பவர். சட்டைப் பையில் பேனாவுக்குப் பக்கத்தில் ஆறு அங்குல எஃகு ஸ்கேல் ஒன்று எப்போதும் நின்றுகொண்டிருக்கும். இடது ஓரம் ஒன்றரை அங்குலம் விட வேண்டும், மற்ற மூன்று பக்கமும் ஒன்று. படத்தின் பெயர் படத்துக்குக் கீழே வரும், அட்டவணையின் பெயர் அட்டவணைக்கு மேலே. நன்றியுரைக்கும் பொருளடக்கத்துக்கும் ரோமன் எண். முதல் அத்தியாயத்திலிருந்துதான் ஒன்று, இரண்டு. போன வருஷம் ஒரு குழுவின் ரிப்போர்ட்டை இரண்டு மில்லிமீட்டருக்காகத் திருப்பி அனுப்பினார். அவர்கள் ஆறு மாதம் கழித்துத்தான் வைவா என்ற வாய்மொழித் தேர்வுக்கு உட்கார முடிந்தது.

கடைசி வருஷ இன்ஜினீயரிங் மாணவன் உமாசங்கரிடம் அந்த ஆறு மாதம் இல்லை. சென்னையில் ஒரு கம்பெனி அவனுக்கு வேலை கொடுத்திருந்தது. ஜூலை ஒன்றாம் தேதி சேர வேண்டும், கையில் கோர்ஸ் முடித்த சான்றிதழ் இருக்க வேண்டும். ரிப்போர்ட் கொடுக்கக் கடைசி நாள் வெள்ளிக்கிழமை, மாலை நான்கு மணி. நான்கு ஐந்துக்கு ஆபீஸ் ஜன்னல் சாத்தப்பட்டிருக்கும்.

ஆனால் அவனும் கூட்டாளி பிரஜினும் அந்த வாரப் புதன்கிழமை காலையில் தைரியமாகவே இருந்தார்கள். ரிப்போர்ட் இரண்டு மாதத்துக்கு முன்பே தயார். கறுப்பு ரெக்சின் அட்டை, தங்க எழுத்து, நான்கு பிரதி. அந்தக் கல்லூரியில் அதுதான் வழக்கம். மே மாதம் வந்துவிட்டால் ஸ்டாச்சு ஜங்ஷன் பக்கத்தில் டைப் அடித்துக் கொடுக்கும் டிடிபி கடைகளிலும் பைண்டிங் கடைகளிலும் கால் வைக்க இடமிருக்காது; அதனால் புத்திசாலிகள் முதலில் ரிப்போர்ட்டை முடிப்பார்கள், பிறகு ப்ராஜெக்ட்டைச் செய்வார்கள். சீனியரின் ஃப்ளாப்பியை வாங்கி, பெயரையும் தலைப்பையும் மாற்றி, நடுவில் தேவையானதை இட்டு நிரப்புவார்கள். அந்த ஃப்ளாப்பியை அந்தச் சீனியரும் இன்னொரு சீனியரிடம் வாங்கியிருப்பான். முதன்முதலில் அதை எழுதியவன் யாரென்று யாருக்கும் தெரியாது.

இவர்களுடைய தலைப்பு, மேல்நிலைத் தொட்டிக்குத் தானியங்கி நீர்மட்டக் கட்டுப்பாடு. தொட்டி நிரம்பியதும் மோட்டார் தானாக நிற்கும். தம்பானூரில் ஒரு லாட்ஜின் மொட்டை மாடித் தொட்டியில் பொருத்திச் சோதித்ததாக நான்காம் அத்தியாயம் சொன்னது. உண்மையில் அந்தக் கருவியை ஹாஸ்டல் பாத்ரூமில் ஒரு வாளியில் வைத்துச் சோதித்ததோடு சரி.

அன்று பகவதிப்பெருமாள் சார் அந்த ரிப்போர்ட்டை நாற்பது நிமிடம் அளந்தார். உமாசங்கர் சுவரைப் பார்த்தபடி நின்றான். அவனுக்கு மௌனம் பழக்கம். ஆனால் பிறர் மௌனத்தில் நிற்பது வேறு, தன் மௌனத்தில் நிற்பது வேறு என்று அப்போது தோன்றியது.

"ஓரமெல்லாம் சரியாட்டு இருக்குடே," என்றார் சார். ஸ்கேலைத் துடைத்துப் பையில் வைத்தார். பிறகு மேசையிலிருந்து ஒரு தாளை எடுத்தார். "புதுசா சர்க்குலர் வந்திருக்கு, கேட்டியா. கருவி ரிப்போர்ட்டில் கண்டபடி இயங்குதுன்னு கைடு நேரில பாத்து ஒப்பு போடணுமாம். வெள்ளிக்கிழம பத்தரைக்கு லாட்ஜுக்கு வாறேன்."

"சாரே, அதிப்போ எதுக்கு, நாங்க போட்டோ வச்சிருக்கோமே," என்றான் பிரஜின்.

"போட்டோல மோட்டார் நிக்குமாடே?" அவர் நாற்பத்தொன்றாம் பக்கத்தைத் திறந்து விரலை வைத்தார். "அட்டவணை நாலு புள்ளி ரெண்டு. தொட்டி நிரம்ப இருபத்திரண்டு நிமிஷம். மூணு தடவ பாத்திருக்கிய, மூணு தடவையும் இருபத்திரண்டு. நல்ல காரியமாக்கும். நான் ஒரு தடவ பாத்தாப் போதும்."

வெளியே வந்ததும் பிரஜின், "எடா உமா, பேடிக்காத, மோட்டார் நிக்கும்," என்றான். அவன் பாறசாலைக்காரன், பேச்சில் பாதி மலையாளம். எதற்கும் பயப்படாதவன், காரணம் எதையும் அவன் கணக்குப் போட்டுப் பார்ப்பதில்லை. கணக்குப் போட்டவன் உமாசங்கர். தொட்டி இரண்டாயிரம் லிட்டர், மோட்டாரின் தகட்டில் நிமிடத்துக்குத் தொண்ணூறு லிட்டர் என்று எழுதியிருந்தது, வகுத்தால் இருபத்திரண்டு. அந்த எண்ணை அவன் மூன்று தடவை எழுதினான். அப்போது அது பொய் என்று தோன்றவில்லை, வகுத்தல் என்றுதான் தோன்றியது.

லாட்ஜ் மானேஜர் ஆறுமுகசாமி திருநெல்வேலிக்காரர், உமாசங்கரின் அப்பாவுக்குத் தெரிந்தவர். வியாழக்கிழமை அவர் அனுமதியோடு கருவியைப் பொருத்தினார்கள். மோட்டாரைப் போட்டார்கள். இருபத்திரண்டாவது நிமிடத்தில் தொட்டி முக்கால்கூட ஆகவில்லை. முப்பத்தோராவது நிமிடத்தில் கருவி டக்கென்று ஒரு சத்தம் எழுப்பியது. மோட்டார் நின்றது.

"நின்னாச்சு, கண்டோ," என்றான் பிரஜின்.

"முப்பத்தொண்ணு," என்றான் உமாசங்கர்.

ஆறுமுகசாமி விஷயத்தைக் கேட்டுச் சிரித்தார். "தம்பி, அந்த மோட்டாரு நான் இங்க வேலைக்குச் சேரும்போதே கெழவன். தகட்டுல உள்ளது அதோட சின்ன வயசுக் கதை."

ரிப்போர்ட்டை மாற்ற முடியாது. பைண்டரிடம் கேட்டார்கள், திங்கட்கிழமைக்கு முன் ஒன்றும் நடக்காது, வரிசையில் நூற்றுப் பத்து ரிப்போர்ட் நிற்கிறது என்றார். மோட்டாரை மாற்ற ஆறுமுகசாமி ஒப்பமாட்டார். மிச்சமிருந்தது தொட்டி. உமாசங்கர் அன்று மாலை முழுவதும் லாட்ஜ் படிக்கட்டில் உட்கார்ந்திருந்தான். பிறகு ஒரு தாளில் கணக்குப் போட்டான். ஒன்பது நிமிடத்துக்கான தண்ணீர் ஐந்நூற்று எண்பது லிட்டர். அவ்வளவு இடத்தைத் தொட்டிக்குள் வேறு ஏதாவது அடைத்துக்கொண்டால் போதும். ஒரு செங்கல் ஒன்று புள்ளி ஆறு லிட்டர். முந்நூற்று அறுபத்திரண்டு செங்கல்.

தன் படிப்பில் அவன் போட்ட மிக நேர்த்தியான கணக்கு அது. அதைப் பார்க்க அவனுக்கே கொஞ்சம் கூச்சமாக இருந்தது.

பக்கத்தில் கட்டடம் எழும்பிக்கொண்டிருந்தது. அங்கே கொத்தனாராக இருந்த பேச்சிமுத்து லாட்ஜில்தான் ஒன்பதாம் அறையில் தங்கியிருந்தார். வெள்ளிக்கிழமை காலை, தங்கியிருப்பவர்கள் குளித்து முடித்துத் தொட்டி காலியானதும், மூன்று மாடி ஏறி மூவருமாகச் செங்கல் சுமந்தார்கள்.

"எதுக்கு தம்பி? தண்ணிக்குள்ள வீடா கெட்டப் போறிய?" என்றார் பேச்சிமுத்து.

"ரிப்போர்ட்டுக்கு அண்ணே," என்றான் பிரஜின்.

"நான் முப்பது வருசமா செங்கல் அடுக்குதேன். ரிப்போர்ட்டுக்கு அடுக்குனது இதுதான் மொதத் தடவ."

பத்தரைக்கு பகவதிப்பெருமாள் சார் குடையும் கைக்கடிகாரமுமாக மாடியேறி வந்தார். தொட்டியின் மூடி சாத்தியிருந்தது. மோட்டார் ஓடத் தொடங்கியது. சார் நாற்காலியில் உட்கார்ந்து, கடிகாரத்தைக் கழற்றி முழங்காலில் வைத்துக்கொண்டார். கீழே பஸ் ஸ்டாண்டில் கண்டக்டர்கள் நெடுமங்காடு, வித்துரா என்று கூவுவது மாடிவரைக்கும் கேட்டது.

இருபத்தோராவது நிமிடத்தில் பிரஜின் உமாசங்கரைப் பார்த்துக் கண்ணடித்தான். இருபத்திரண்டு வந்தது. போனது. மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. இருபத்துமூன்று. உமாசங்கருக்கு அப்போதுதான் உறைத்தது. காய்ந்த செங்கல் தண்ணீர் குடிக்கும். முந்நூற்று அறுபத்திரண்டு செங்கலும் மூடிக்குள்ளே நிதானமாகக் குடித்துக்கொண்டிருக்கின்றன. முதல் வருஷம் லேபில் செங்கலை ஊறவைத்து எடை பார்த்து அவனே ரெக்கார்டில் எழுதியிருக்கிறான்; பத்துக்கு ஒன்பது மார்க் வாங்கியிருக்கிறான்.

இருபத்து நான்கரை நிமிடத்தில் டக்கென்று சத்தம் கேட்டது. மோட்டார் நின்றது.

சார் கடிகாரத்தைக் கட்டிக்கொண்டார். கை கழுவ மொட்டை மாடி மூலையிலிருந்த குழாயைத் திறந்தார். செம்மண் நிறத்தில் தண்ணீர் கொட்டியது. அவர் கையை அதற்கு அடியில் வைத்து, திருப்பி, உள்ளங்கையைப் பார்த்தார்.

அதே நேரம் கீழிருந்து ஆறுமுகசாமியின் குரல் படியேறி வந்தது. "ஏ தம்பி, அஞ்சாம் நம்பர்ல ஒருத்தரு சட்டைய நனைச்சுட்டு நிக்காரு. வெள்ளச் சட்ட காவிச் சட்டயாயிட்டு. சட்டைக்காரரு சாமியாராப் போகச் சம்மதிக்க மாட்டேங்காரு."

சார் தொட்டி மூடியைத் தூக்கிக் குனிந்து பார்த்தார். நெடுநேரம் பார்த்தார். உமாசங்கர் வாழ்நாளில் எத்தனையோ மௌனங்களில் இருந்திருக்கிறான். அவற்றில் பலவற்றை அவனே விரும்பித் தேடிப் போயிருக்கிறான். இதிலிருந்து மட்டும் வெளியே வந்துவிட வேண்டும் என்று இருந்தது.

"சார்," என்றான். "இருபத்திரண்டுங்கது வகுத்து எழுதுனது. பாத்து எழுதல. நிஜத்துல முப்பத்தொண்ணு. அதும் நேத்துதான் ஒரே ஒரு தடவ பாத்தோம்."

"மூணு தடவன்னு போட்டிருக்கியே."

"அட்டவணைல மூணு வரி இருந்துச்சு சார். சீனியர் ஃப்ளாப்பில அப்படித்தான் இருந்துச்சு."

பிரஜின் தலையைக் குனிந்துகொண்டு, "சாரே, கருவி நல்லாத்தான் வேல செய்யுது. அது மட்டும் பொய் இல்ல," என்றான்.

"அதைத்தான் நானும் பாத்தேன். கருவில ஒரு குத்தமும் இல்ல. ரிப்போர்ட்லதான் குத்தம்." சார் மூடியைச் சாத்தினார். "நம்பர சரியாக்க பக்கத்த மாத்தாம தொட்டிய மாத்தியிருக்கிய. சவம், இருபத்தாறு வருஷ சர்வீஸ்ல நான் இப்படியொண்ணு பாத்ததில்ல, கேட்டியா."

"பைண்டிங் ஆயிப்போச்சு சார். திங்கக்கிழமைக்கு முன்ன பிரிக்க முடியாதாம்."

"பிரிக்க எதுக்குடே?" அவருக்கு இப்போதுதான் உண்மையாகக் கோபம் வந்ததுபோல இருந்தது. கைப்பையிலிருந்து பல்கலைக்கழகத்தின் ரிப்போர்ட் வழிமுறைப் புத்தகத்தை எடுத்தார். ஓரங்கள் கிழிந்து, அடிக்கோடுகளால் நிறைந்து, மஞ்சளாகிப் போன புத்தகம். "பதினாலாம் விதி. பைண்டிங்குக்குப் பிறகு பிழை கண்டா, பிழைதிருத்தத் தாள் ஒட்டலாம். நாலு வருஷம் படிச்சிருக்கிய, ஒருத்தனும் பதினாலாம் விதி வரைக்கும் வாசிக்கல. பொய் எழுத இதுல எடமில்லடே. தப்பு எழுத எடம் இருக்கு."

மணி பதினொன்று. முதலில் செங்கல் முழுவதையும் வெளியே எடுக்க வேண்டும். ஊறிய செங்கல் ஏற்றும்போது இருந்ததைவிடக் கனமாக இருந்தது. தொட்டியைக் கழுவிவிட்டார்கள். பிறகு மூன்று தடவை நிரப்ப வேண்டும், ஒவ்வொரு தடவைக்கும் நடுவில் காலி செய்ய வேண்டும். ஆறுமுகசாமி அறை அறையாகப் போய்க் கதவைத் தட்டினார்.

"அய்யா, கொஞ்சம் குளிக்கணும்."

"காலம்பறயே குளிச்சாச்சே."

"இன்னொருக்க குளிங்கய்யா. படிக்கிற புள்ளையளுக்காக."

குளிக்க மறுத்தவர்களின் குழாய்களை அவரே திறந்துவிட்டார். முதல் தடவை முப்பத்தொரு நிமிடம் பத்து விநாடி. இரண்டாவது தடவை முப்பத்து நான்கு. விசாரித்ததில், செங்கல் தூசி போக பேச்சிமுத்து ஒன்பதாம் அறையில் தொட்டி நிரம்பும்போதே குளித்துக்கொண்டிருந்தார்.

"அதை விட்டுட்டு வேற ஒண்ணு எடுக்கலாமா சார்?" என்றான் பிரஜின்.

"வேண்டாம். நடந்தத எழுது," என்றார் சார். நாற்காலியை விட்டு அவர் எழுந்திருக்கவே இல்லை. மூன்றாவது, முப்பது நிமிடம் ஐம்பது விநாடி. மூன்று தடவையும் மோட்டார் தானாக நின்றது.

இரண்டே முக்காலுக்கு உமாசங்கர் லாட்ஜ் ரிசப்ஷனில் ஆறுமுகசாமியின் மேசையில் எழுத உட்கார்ந்தான். இருபத்திரண்டு என்பதை முப்பத்தொன்று என்று வாசிக்கவும் என ஆரம்பித்தான். அவ்வளவில் நிற்கும் என்று நினைத்தான். நிற்கவில்லை. தகட்டிலுள்ள வேகம் மோட்டாரின் இளமைக்காலத்துக்குரியது என்று எழுதினான். இரண்டாவது அளவீட்டின் வேறுபாட்டுக்கு ஒன்பதாம் அறையில் ஒருவர் குளித்ததே காரணம் என்று எழுதினான். காய்ந்த செங்கல் நீரை உறிஞ்சும், ஆகவே தொட்டியின் கொள்ளளவைக் குறைக்க அது ஏற்றதல்ல என்று எழுதினான். நான்கு வருஷத்தில் அவன் யாரிடமும் இவ்வளவு பேசியதில்லை. பிழைதிருத்தம் இரண்டரைப் பக்கம் வந்தது. மொத்த ரிப்போர்ட்டில் அவனாக எழுதியது அதுமட்டும்தான்.

டிடிபி கடையில் பிரஜின் வரிசையில் நின்ற பதினேழு பேரிடம் பதினேழு விதமாகக் கெஞ்சி முன்னால் போனான். மூன்று நாற்பதுக்கு நான்கு பிரதியிலும் தாள்களை ஒட்டி, பசை காயாமலே சாரிடம் நீட்டினார்கள். அவர் ஸ்கேலை எடுத்தார். இடது ஓரத்தில் வைத்தார்.

"ஒண்ணரை," என்றார். கையெழுத்துப் போட்டார். பிறகு, "பக்க நம்பர் ரோமன்ல போட்டது நல்லதாப் போச்சு," என்றார்.

ஓடினார்கள். ஆபீஸ் ஜன்னலில் முத்திரை விழுந்தபோது மணி மூன்று ஐம்பத்தெட்டு. ஜூலை ஒன்றாம் தேதி உமாசங்கர் சென்னையில் இருந்தான்.

அடுத்த மே மாதம் பிரஜின் ஒரு கடிதம் எழுதியிருந்தான். அவன் கல்லூரியில் லேப் உதவியாளராகச் சேர்ந்திருந்தான். அவர்கள் இருவருடைய ரிப்போர்ட்டுக்கு நல்ல மார்க் வந்தது பிழைதிருத்தத்தால்தான் என்று ஜூனியர்களிடையே பேச்சு பரவி, பிழைதிருத்தத்தை அடித்த டிடிபி கடையில் இருந்த ஃப்ளாப்பியை எல்லாரும் வாங்கிப் போயிருக்கிறார்கள். இந்த வருஷம் பதினொரு ரிப்போர்ட்டில் பிழைதிருத்தத் தாள் இருக்கிறது. பதினொன்றும் பிழைதிருத்தத்தோடு சேர்த்து மார்ச் மாதமே பைண்டிங் ஆகிவிட்டன. அதில் ஒன்று தெருவிளக்கு பற்றியது, இன்னொன்று ரேடியோ ஆன்டெனா பற்றியது. ஆனால் பதினொன்றிலும் இரண்டாவது அளவீட்டின் வேறுபாட்டுக்கு ஒன்பதாம் அறையில் ஒருவர் குளித்ததே காரணம்.

பகவதிப்பெருமாள் சார் பதினொன்றையும் அளந்துவிட்டார் என்று கடிதத்தின் கடைசி வரி சொன்னது. ஓரமெல்லாம் சரியாக இருந்ததாம். இப்போது கைக்கடிகாரத்தைக் கழற்றி வைத்துக்கொண்டு, அந்த ஒன்பதாம் அறையைத் தேடிப் பதினொரு இடத்துக்கும் நேரில் போய்க்கொண்டிருக்கிறாராம்.